மின் கட்டணமும் கெடுத் தேதியும்

நம் நாட்டில் மின்விளக்கு ஏற்றப்பட்ட வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். அணைகளும் மின்நிலையங்களும் கம்பித் தொடர்களும் தோன்றிய கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எரிந்த விளக்குக்கு இல்லறத்தார் பணம் செலுத்திவந்த முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைப் பற்றி நாம் அதிகமாக நினைப்பதில்லை. மாதம் ஒருமுறையோ இரு மாதங்களுக்கு ஒருமுறையோ ஒரு சீட்டு வருகிறது. அதில் ஒரு தொகையும் ஒரு தேதியும் இருக்கின்றன. அத்தேதி கடந்தால் அபராதம். பின்னும் கடந்தால் இருள். இவ்வளவே நாம் அறிந்தது.

தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு இவ்வளவு அறிவு போதாது. ஊருக்கு ஊர் மின்சாரம் வழங்கும் நிறுவனம் வேறு. கட்டணச் சீட்டின் மொழி வேறு. கெடுவின் கணக்கு வேறு. பக்கத்து வீட்டாரிடம் கேட்டறியலாம் என்றால், வந்த புதிதில் அவர் மொழி நமக்கு வாராது. விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்று திரும்பும்போது வீடு இருண்டு கிடப்பதும் உண்டு. ஆகவே, இம்முறைகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு மாறின, அம்மாற்றங்களிடையே மாறாது நிற்பவை எவை என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

கல்கத்தா நகரில் 1879-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மின்விளக்கு முதன்முதலாகப் பொதுமக்களுக்கு எரித்துக் காட்டப்பட்டது. அது வெறும் காட்சி; அதற்குக் கட்டணச் சீட்டு எதுவும் இல்லை. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1895-இல், வங்காள அரசு கல்கத்தா மின்விளக்குச் சட்டத்தை இயற்றிற்று. 1897-இல் டார்ஜிலிங் மலைச் சரிவில், சிட்ராபாங் என்னுமிடத்தில், ஓடைநீரின் விசையால் இயங்கும் சிறு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. 1899-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் கல்கத்தா இமாம்பாக் சந்தில் நிலக்கரியால் இயங்கும் நிலையம் வேலை தொடங்கியது. இவ்விரண்டாவது நிலையத்தை நடத்திய கல்கத்தா மின்வழங்கு நிறுவனமே இன்றும் அந்நகருக்கு மின்சாரம் வழங்கி வருகிறது. ஏரிக்கரைப் பகுதியில் தலைமுறைகளாக வாழும் நம்மவர் கட்டணம் செலுத்துவதும் அதற்கே.

தெற்கே மைசூர் அரசு 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் எடுத்தது. அது முதலில் சென்ற இடம் வீடுகள் அல்ல. தொண்ணூறு மைலுக்கு அப்பால் இருந்த கோலார் தங்கவயல். அங்கே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். வெளிமாநிலத் தமிழர் வாழ்வோடு மின்சாரம் கலந்தது அந்நாள் முதல் எனலாம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அதே அருவியின் மின்சாரம் பெங்களூர் நகரத் தெருக்களை ஒளிரச் செய்தது. அங்கிருந்து அது சிறிது சிறிதாக வீடுகளுக்குள் நுழைந்தது.

வீட்டுக்குள் நுழைந்த மின்சாரம் இல்லறத்தாரின் வரவு செலவுக் கணக்கில் ஒரு புதுமையைப் புகுத்தியது. அதுவரை விளக்கெரிக்க எண்ணெய் வாங்கினோம். காசு கொடுத்தால் எண்ணெய். எண்ணெய் தீர்ந்தால் இருட்டு. கொடுத்த பின்னரே எரித்தோம். மின்சாரமோ இதற்கு நேர்மாறானது. முதலில் எரிக்கிறோம், எவ்வளவு எரித்தோம் என்பதைப் பிறகு அளக்கிறார்கள், அதற்கும் பிறகு பணம் கேட்கிறார்கள். அதாவது, விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் நாம் சிறு கடன் ஒன்றை வாங்குகிறோம். கடன் என்று வந்துவிட்டால் ஈடு வேண்டும், கணக்கு வேண்டும், கெடு வேண்டும், கெடு தவறினால் தண்டனை வேண்டும். காப்புத்தொகை, மீட்டர், கடைசித் தேதி, மின்துண்டிப்பு ஆகிய நான்கும் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறந்தவை.

அளவு என்பது தொடக்கத்தில் பெருஞ் சிக்கலாக இருந்தது. மின்சாரத்தைப் படியால் அளக்க முடியாது; தராசில் நிறுக்கவும் முடியாது. ஆகையால், உலகின் பல ஊர்களில் தொடக்கக் காலத்தில் விளக்கொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினர். அமெரிக்காவில் எடிசன் துத்தநாகத் தகடுகளைக் கரைசலில் தோய்த்து, மின்சாரம் பாய்ந்ததனால் தகட்டின் எடை எவ்வளவு மாறியது என்று நிறுத்துப் பார்த்துக் கணக்கிட்டார். 1889-இல் ஹங்கேரி நாட்டுப் பொறியாளர் ஓட்டோ பிளாத்தி, தகடு ஒன்று சுழல்வதைக் கொண்டு அளக்கும் மீட்டரை அமைத்தார். நம் வீட்டுச் சுவரில் பல்லாண்டு காலம் கண்ணாடிக்குள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்த தகடு அதன் வழித்தோன்றலே. ஆயிரம் வாட் ஆற்றல் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட். நாற்பது வாட் குண்டு விளக்கு இருபத்தைந்து மணி நேரம் எரிந்தால் அதுவும் ஒரு யூனிட். இவ்வெளிய கணக்கைத் தெரிந்துகொண்ட இல்லத்தரசியைக் கணக்கீட்டாளர் ஏமாற்ற முடியாது.

அளவு உறுதிப்பட்ட பின் சட்டம் வந்தது. இந்தியா முழுமைக்குமான மின்சாரச் சட்டம் 1903-இல் இயற்றப்பட்டது. அது போதாதெனக் கண்டு 1910-இல் புதிய சட்டம் செய்தனர். அப்புதிய சட்டத்தின் 24-ஆவது பிரிவு நம் பொருளுக்கு மிக முக்கியமானது. கட்டணம் செலுத்தத் தவறியவருக்கு ஏழு முழு நாள் அவகாசம் தந்து எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்த பின்னரே நிறுவனம் மின்சாரத்தைத் துண்டிக்கலாம் என்று அப்பிரிவு கூறிற்று. முழு நாள் என்றால், அறிவிப்புக் கொடுத்த நாளும் துண்டிக்கும் நாளும் நீங்கலாக இடையே ஏழு நாள் இருக்க வேண்டும் என்று பொருள். பாக்கியையும், துண்டித்து மீண்டும் இணைக்கும் செலவையும் செலுத்தும் வரையில்தான் துண்டிப்பு நீடிக்கலாம். அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது என்றும் அதே பிரிவு வரம்பு கட்டியது. ஆங்கிலேயர் ஆட்சியில், தனியார் நிறுவனங்கள் பெரும்பலத்தோடு விளங்கிய காலத்தில், சாதாரணக் குடியிருப்பாளருக்குக் கிடைத்த காப்பு இது. சொல்லாமல் ஃபியூஸைப் பிடுங்குவது அன்றே சட்டத்துக்குப் புறம்பானது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

அக்காலத்தில் கட்டணம் அணாவிலும் பைசாவிலும் கணக்கிடப்பட்டது. யூனிட்டுக்கு இத்தனை அணா என்று விகிதம் இருக்கும். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்தபோது, ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா வீதம் பழைய விகிதங்களை மாற்ற வேண்டியதாயிற்று. ஆறணா, பன்னிரண்டணா என்று மனக்கணக்காகவே கூட்டிப் பழகிய மக்கள் சில காலம் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

விடுதலைக்குப் பின் மின்சாரம் பெரும்பாலும் அரசின் பொறுப்பாயிற்று. சென்னை நகருக்கு மின்சாரம் வழங்கிய தனியார் நிறுவனத்தை 1947-இல் மாகாண அரசு ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் பம்பாய் மாநகராட்சி, டிராம் வண்டியையும் மின்சாரத்தையும் நடத்திவந்த பெஸ்ட் நிறுவனத்தைத் தனதாக்கிக்கொண்டது. 1948-ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டம் மாநிலந்தோறும் மின்சார வாரியம் அமைக்க வழி வகுத்தது. சென்னை மாநில வாரியம் 1957-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தோன்றிற்று. தில்லியில் 1958-இல் மாநகராட்சியின் கீழ் தனி நிறுவனம் ஏற்பட்டது. கல்கத்தாவில் பழைய தனியார் நிறுவனம் நீடித்தது. இதனால் ஒரே நாட்டில் ஊர்தோறும் வேறு வேறு ஆளுகை நிலைபெற்றது.

வேலை தேடி வெளியூர் சென்ற தமிழர் முதலில் தடுமாறியது இவ்விடத்தில்தான். தமிழகத்தில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பது நெடுநாளைய வழக்கம். மின்சார வாரியத்துக் கணக்கீட்டாளர் வந்து, வீட்டில் வைத்திருக்கும் வெள்ளை அட்டையில் அளவைக் குறித்துவிட்டுப் போவார். அந்த அட்டையே நமக்குச் சீட்டு. அதில் குறித்த நாளிலிருந்து இருபது நாளுக்குள் பிரிவு அலுவலகத்தில் பணம் கட்ட வேண்டும். இந்தப் பழக்கத்தோடு பெங்களூருக்கோ பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ சென்றவர், அங்கே மாதந்தோறும் சீட்டு வருவதைக் கண்டு வியந்தார். அடுத்த மாதம்தானே கட்ட வேண்டும் என்றிருந்துவிட்டு அபராதம் செலுத்தியவர் பலர். கேரளத்துக்குச் சென்றவருக்கு இரு மாத வழக்கமே பெரும்பாலும் தொடர்ந்ததால் இத்துன்பம் குறைவு. புதிய ஊருக்குக் குடிபோனதும் முதலில் கேட்டறிய வேண்டியது, கணக்கெடுப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை, சீட்டு வந்து எத்தனை நாளில் கெடு என்னும் இரண்டுமே.

வாரியங்களின் காலம் வரிசைகளின் காலம். கட்டணம் வாங்கும் சாளரம் காலையில் திறக்கும், நண்பகலில் மூடும். அலுவலகம் செல்லும் ஆண்மகனுக்கு அந்நேரம் பொருந்தாது. ஆகவே வரிசையில் நின்றோர் பெரும்பாலும் இல்லத்தரசியரும் ஓய்வுபெற்ற முதியோரும் பள்ளி விடுமுறையில் இருந்த பிள்ளைகளும்தாம். சில்லறை சரியாக வேண்டும்; சீட்டு கையில் வேண்டும்; சாளரத்துக்குள் இருப்பவரின் மொழியில் இரண்டு சொல்லாவது வேண்டும். மராத்தியோ இந்தியோ வங்காளமோ அறியாத நம் தாய்மார்கள் பலர் அம்மொழிகளின் எண்களை முதலில் கற்றது இவ்வரிசைகளிலேதான் என்று சொன்னால் மிகையாகாது.

வரிசையைத் தவிர்க்க ஒரு வழி காசோலை. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தால் காசோலைக்கு மதிப்பு ஏற்பட்டிருந்தது. ஆயினும், வங்கிக் கணக்கு உடையவர் சிலரே. காலப்போக்கில் வங்கிகள் பெருகவே, அலுவலக வாயிலில் காசோலைப் பெட்டி வைக்கப்பட்டது. பின்புறத்தில் மின் இணைப்பு எண்ணை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடலாம். இதில் ஒரு குறை உண்டு. பெட்டியில் போட்டதற்குக் கையோடு ரசீது இல்லை. காசோலை திரும்பினால் அபராதத்தோடு அவமானமும் சேரும். 1988-இல் செய்த திருத்தத்தால், கணக்கில் பணமின்றிக் காசோலை தருவது தண்டனைக்குரிய குற்றமும் ஆயிற்று.

புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் சாளரத்தின் இயல்பே மாறியது. கேரள அரசு 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருவனந்தபுரத்தில் ‘ஃபிரண்ட்ஸ்’ என்னும் மையத்தைத் திறந்தது. மின்சாரம், தண்ணீர், வரி ஆகிய யாவற்றையும் அங்கே ஒரே சாளரத்தில் செலுத்தலாம். ஐதராபாத்தில் 1999-இன் இறுதியில் வெள்ளோட்டமாகத் தொடங்கிய திட்டம் 2001-இல் ‘இ-சேவா’ என்னும் பெயரில் விரிந்தது. காலை முதல் இரவு வரை திறந்திருந்ததால் வேலைக்குச் செல்வோரும் பயனடைந்தனர். பெங்களூரில் 2005-இல் ‘பெங்களூர் ஒன்’ மையங்கள் தோன்றின. எந்தப் பகுதியின் சீட்டையும் எந்தச் சாளரத்திலும் கட்டலாம் என்பது இவற்றின் சிறப்பு. முன்பு சீட்டுக்கு உரிய அலுவலகத்தைத் தேடி மனிதர் நடந்தார். இப்போது கணிப்பொறி வழியே கணக்கு நடந்தது.

அடுத்து நடை முற்றிலும் நின்றது. ஒவ்வொரு மாதமும் கெடுவுக்குள் கட்டணத்தை நம் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்குமாறு வங்கிக்கு நிலையான ஆணை தரும் முறையை ரிசர்வ் வங்கி 1990-களில் ஏற்படுத்தியது. 2014-இல் அவ்வங்கி எல்லா வகைக் கட்டணச் சீட்டுகளுக்கும் பொதுவான ஏற்பாடு ஒன்றுக்கு நெறிகள் வகுத்தது. ‘பாரத் பில் பேமெண்ட்’ என்னும் அவ்வேற்பாடு 2016-இல் நடைமுறைக்கு வந்தது. யுபிஐ என்னும் உடனடிப் பணமாற்று முறை தோன்றியதும் அதே ஆண்டில்தான். அவ்வாண்டு நவம்பரில் பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டபோது, மின்கட்டணம் செலுத்தவும் அவை சில வாரம் செல்லும் என அரசு விலக்களித்தது. நெடுநாள் நிலுவைகள் பல அந்நாள்களில் தீர்ந்தன. அதன் பின் கைப்பேசி வழியே கட்டும் பழக்கம் விரைந்து பரவிற்று. குவாஹாத்தியில் இருந்துகொண்டு கும்பகோணத்து வீட்டுக் கட்டணத்தைச் செலுத்தலாம். மதுரையில் விடுமுறையில் இருந்துகொண்டு மும்பை வீட்டுக் கட்டணத்தையும் செலுத்தலாம். பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு இது பெரும் ஆறுதல். ஊரில் தனித்திருக்கும் பெற்றோரை வரிசையில் நிற்கவிடாமல் காப்பது பிள்ளைகளுக்கு இப்போது எட்டிய கடமை.

தானாகப் பணம் எடுக்கும் ஆணைக்கு 2021-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஒரு கட்டுப்பாடு வந்தது. அட்டை முதலியவற்றின் வழியே பணம் எடுப்பதற்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன்பே நமக்கு அறிவிக்க வேண்டும். குறித்த வரம்புக்கு மேற்பட்ட தொகையானால் நம் ஒப்புதலையும் அவ்வப்போது பெற வேண்டும். அவ்வரம்பு முதலில் ரூ. 5,000; 2022-இல் ரூ. 15,000 ஆயிற்று. ஆணை கொடுத்துவிட்டோம் என்று அயர்ந்திருந்தால், கோடையில் கட்டணம் மிகுந்த மாதத்தில் ஒப்புதல் கேட்டு வந்த செய்தியைக் காணாமல் கெடு தவறக்கூடும். ஆகவே, ஆணை கொடுத்தவரும் மாதம் ஒருமுறை கணக்கைப் பார்ப்பது நன்று.

இவ்வாறு வழிகள் மாறிக்கொண்டே வர, சட்டமும் புதுப்பிக்கப்பட்டது. 1910-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் வந்தது. அதன் 56-ஆவது பிரிவு, ஏழு நாள் அவகாசத்தைப் பதினைந்து முழு நாளாக உயர்த்தியது. எழுத்து மூலமான அறிவிப்பு இன்றியமையாதது என்பதையும் நிலைநிறுத்தியது. தொகையில் வழக்கு இருந்தால், கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி கணக்கிட்ட தொகையையோ, எது குறைவோ அதை, எதிர்ப்பைத் தெரிவித்துச் செலுத்தலாம். வழக்குத் தீரும் வரை துண்டிக்கக் கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட பாக்கிக்காக, அது சீட்டில் தொடர்ந்து காட்டப்பட்டு வந்தாலன்றித் துண்டிக்க முடியாது. குறைகளைக் கேட்க ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்மன்றம் அமைக்க வேண்டும். அதன் முடிவில் நிறைவு இல்லையேல் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். நாம் கட்டிய காப்புத்தொகைக்கு வட்டி உண்டு என்பதும் இச்சட்டத்தில் உள்ளதே.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் நாடடங்கியபோது கணக்கீட்டாளர் வீடுகளுக்கு வர இயலவில்லை. பல ஊர்களில் பழைய மாதங்களின் சராசரியைக் கொண்டு சீட்டு அனுப்பினர். அடைப்பு நீங்கி உண்மை அளவை எடுத்தபோது, பல மாதத் தொகை ஒருங்கே சேர்ந்து வந்து மக்கள் திகைத்தனர். அவ்வாண்டு இறுதியில் மத்திய அரசு மின்நுகர்வோர் உரிமை விதிகளை வெளியிட்டது. ஒரு நிதியாண்டில் இரண்டுக்கு மேல் உத்தேசச் சீட்டு அனுப்பக் கூடாது. சீட்டு அறுபது நாளோ அதற்கு மேலோ தாமதமானால் தொகையில் தள்ளுபடி தர வேண்டும். ரொக்கமாகவோ இணையத்திலோ செலுத்தலாம் எனினும், ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை, அல்லது மாநில ஆணையம் வரையறுக்கும் தொகைக்கு மேற்பட்டதை, இணையத்திலேயே செலுத்த வேண்டும் என்பன அவற்றுட் சில.

நம் போன்றோருக்கு மிகவும் பயன்படும் விதி ஒன்றும் அவற்றுள் உண்டு. நெடுநாள் வெளியூர் செல்லவிருப்பதை முன்கூட்டியே எழுதித் தெரிவித்து, அக்காலத்துக்குரிய நிலைக்கட்டணத்தை முன்பணமாகச் செலுத்திவிட்டால், நிறுவனம் உத்தேசச் சீட்டோ அறிவிப்போ அனுப்பக் கூடாது. இணைப்பையும் துண்டிக்கக் கூடாது. பேறுகாலத்துக்காகவோ, பெற்றோரின் நோய்க்காகவோ, மாதக்கணக்கில் ஊர் சென்று தங்க நேரும் குடும்பங்கள் இவ்விதியை அறிந்திருத்தல் வேண்டும். புறப்படும் அவசரத்தில் பால்காரரிடமும் செய்தித்தாள் போடுபவரிடமும் சொல்லிவிட்டுச் செல்கிறோம்; மின்சார அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குவது நல்லது.

சட்டத்தை அறிவதால் வரும் பயன் அபராதத்தைத் தவிர்ப்பதோடு முடிவதில்லை. 2022-ஆம் ஆண்டு வாக்கில் நாடெங்கும் ஒரு மோசடி பரவியது. “உங்கள் சென்ற மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவே மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணை உடனே அழையுங்கள்” என்னும் கருத்தில் கைப்பேசிக்குச் செய்தி வரும். அழைத்தவரிடம் அதிகாரி போலப் பேசி, ஏதேனும் ஒரு செயலியை இறக்கச் செய்து, வங்கிக் கணக்கையே துடைத்துவிடுவர். முதியவர்களும், உள்ளூர் மொழி அறியாதவர்களும் இதில் எளிதில் சிக்கினர். பதினைந்து முழு நாள் அவகாசம் தரும் எழுத்து அறிவிப்பு இன்றி எவரும் துண்டிக்க முடியாது என்பதை அறிந்தவர், இச்செய்தியைக் கண்டு அஞ்சார். நூறாண்டுக்கு முன் இயற்றிய ஒரு சட்டப்பிரிவின் கருத்து, இன்று திருடனிடமிருந்து நம்மைக் காக்கும் கவசமாக இருப்பது கருதத்தக்கது.

வாடகை வீட்டில் இருப்போர் நம்முள் பெரும்பான்மையோர். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும்; சீட்டும் பலவேளை அவர் முகவரிக்கே செல்லும். குடிபுகும் அன்றே மின் இணைப்பு எண்ணையும் மீட்டரில் அன்று காணும் அளவையும் குறித்து, இருவரும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்வது பிற்காலப் பூசலைத் தவிர்க்கும். எண் கையில் இருந்தால் சீட்டுக்காகக் காத்திராமல் நாமே தொகையைப் பார்த்துச் செலுத்தலாம். வீடு வாங்குவோர் மேலும் ஒருபடி எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பழைய உரிமையாளர் வைத்த மின்பாக்கியை, மாநில விதிகள் இடமளித்தால், புதிய இணைப்புக் கேட்கும் புதிய உரிமையாளரிடம் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பளித்துள்ளது. கிரயப் பத்திரத்தோடு பாக்கியில்லாச் சான்றும் கேட்டு வாங்குவது அறிவுடைமை.

நிறுவனங்களின் பெயர்மாற்றமும் நம்மைக் குழப்புவதுண்டு. தில்லியில் 2002-இல் விநியோகம் தனியார் பங்குடைய மூன்று நிறுவனங்களுக்குப் பிரிந்தது. ராமகிருஷ்ணபுரத்தில் இருப்பவர் ஒன்றுக்கும் மயூர் விகாரில் இருப்பவர் வேறொன்றுக்கும் கட்ட வேண்டும். மும்பையில் மாதுங்காவுக்கும் தாராவிக்கும் பெஸ்ட். புறநகருக்கு வேறு நிறுவனங்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் கடைசியாக 2018-இல் மாறியது. கைப்பேசியில் கட்டும்போது ஒத்த பெயர்களுள் தவறான ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பணம் வேறொருவர் கணக்குக்குப் போகக்கூடும். தொகை காட்டும் திரையில் பெயரும் தோன்றும்; அது வீட்டுக்காரர் பெயரோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே செலுத்துதல் வேண்டும்.

இப்போது இன்னொரு மாற்றம் தொடங்கியிருக்கிறது. மத்திய அரசு 2021-இல் வகுத்த திட்டத்தின்படி மாநிலங்கள் பலவற்றில் முன்பணம் செலுத்தும் மீட்டர்கள் பொருத்தப்படுகின்றன; பீகாரில் அதற்கு முன்னரே இது தொடங்கிவிட்டது. இம்மீட்டரில் பணம் கட்டிய பிறகே மின்சாரம். சட்டப்படி இதற்குக் காப்புத்தொகை கேட்கலாகாது. கடன் இல்லாத இடத்தில் ஈடு எதற்கு? எண்ணெய் வாங்கி விளக்கெரித்த நம் பாட்டனார் முறைக்கே ஒருவகையில் நாம் திரும்புகிறோம். வசதி உடையவருக்கு இது எளிது. நாட்கூலி பெறுவோர்க்கு மாத இறுதியில் கெடு வரை கிடைத்துவந்த சிறு மூச்சு இதனால் குறைகிறது. இருப்புத் தொகையை எண்ணெய்க் குடுக்கையைப் பார்ப்பது போல அவ்வப்போது பார்த்துக்கொள்வது இனி இல்லறத்தாரின் கடமையாகிறது.

ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றைத் திரும்பிப் பார்க்குங்கால், பணம் சென்ற வழி பலமுறை மாறியதைக் காண்கிறோம். சாளரம், காசோலைப் பெட்டி, சேவை மையம், வங்கி ஆணை, கைப்பேசி, முன்பண மீட்டர் என அது வளர்ந்தது. ஒவ்வொரு மாற்றமும் நம் நடையைக் குறைத்தது. ஆனால் நம் விழிப்பைக் குறைக்க அனுமதிக்கவில்லை. மாறாது நிற்பவை மூன்று: மீட்டர் காட்டும் அளவு, அறிவிப்புக்கான உரிமை, செலுத்தியதற்குரிய ரசீது. அளவை நாமே மாதம் ஒருமுறை குறித்து வைப்போம். உரிமையை வீட்டிலுள்ள முதியோருக்கும் எடுத்துச் சொல்வோம். ரசீதை, அது தாளாயினும் கைப்பேசியில் உள்ள படமாயினும், இரண்டு ஆண்டுகளேனும் காப்போம். கெடுத் தேதிக்கு ஐந்து நாள் முன்னதாகவே கட்டிவிடும் வழக்கம் ஒன்றை வீட்டில் ஏற்படுத்திக்கொண்டால், இணையம் தடைப்பட்டாலும் வங்கி விடுமுறையானாலும் நமக்குக் கவலை இல்லை.

எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், நம் வீட்டு விளக்கு நாம் உழைத்த பணத்தில், உரிய காலத்தில், நம் உரிமையோடு எரிய வேண்டும். அதற்குரிய அறிவை நம் முன்னோர் வரிசையில் நின்று பெற்றனர். நாம் அதை இருந்த இடத்திலிருந்தே பெறும் பேறு வாய்த்தவர்கள். அதை வீணாக்காது பயன்படுத்துவோமாக.